ஆறு மணிக்கு அளக்க வேண்டிய பனி

என் வீட்டில் பனியைத் திட்டுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. மொன்றியலில் குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் சனங்கள் வாய் திறப்பதே திட்டுவதற்குத்தான். கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து சப்பாத்துக் குவியலுக்குள் தங்கள் சோடியைத் தேடும்போது திட்டுவார்கள். பஸ் தரிப்பில் நின்று திட்டுவார்கள். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்திலும், திரும்பிப் போகும் வழியில் ரோட்டு எப்படி இருக்குமோ என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் திட்டுவார்கள். எங்கே வேண்டுமானாலும் திட்டட்டும். என் வீட்டுக்குள் வந்து திட்டினால் நான் கதவைக் காட்டுவேன். காட்டியும் இருக்கிறேன்.

இந்தக் குணம் எனக்கு மாமியிடமிருந்து வந்தது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு டூப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருந்த காலத்தில் அவரும் எங்களோடுதான் இருந்தார். நானும் அவரும் ஒரே அறை. பகலில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். மிச்ச நேரமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொள்வார்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மொன்றியலிலும் அதைச் சுற்றியும் பனியைப் பின்தொடர்கிற ஒரு கூட்டம் இருந்தது. ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர், லொறி ஓட்டுகிற ஒருவர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பூனைகளோடு தனியாக வாழ்ந்த ஒரு கிழவி என்று பலதரப்பட்ட ஆட்கள். அவர்களுக்குள் ஒரே தமிழ் ஆள் எங்கள் மாமி. ஒவ்வொருவர் வீட்டுக்குப் பின்னாலும் வெள்ளைப் பெயின்ற் அடித்த ஒரு பலகை கிடக்கும். பனி பெய்தால் அந்தப் பலகையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் அளந்து, போனில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் வாத்தியாருக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடத்துக்கு என்று வாங்கித் தந்த என் அடிமட்டம் இப்படித்தான் மாமியின் கைக்குப் போனது.

இந்தக் கூட்டத்துக்குப் பெரிய எதிரி குளிர் இல்லை, மழை. மொன்றியல் பனியில் ஒரு துரோகம் உண்டு. காலையில் பஞ்சு பஞ்சாகக் கொட்டும். வானம் இனி நிறுத்தவே போவதில்லை என்று தோன்றும். மத்தியானத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஒரு சூடு மேலால் ஊர்ந்து வரும். பஞ்சு ஐஸ் குறுணியாகும், குறுணி மழையாகும். மழை எங்கே வந்துவிட்டது, எங்கே இன்னும் வரவில்லை என்று அந்தச் சனங்கள் ஊர் ஊராக அறிவித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் புரோசார்ட் மழையிடம் விழும். பிறகு எங்கள் பகுதி. கடைசியில் டொலார்ட். பூனைக் கிழவி "இங்கே இன்னும் பனிதான்" என்று எழுதினால் மாமிக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

"உவளுக்கு ஸ்னோ விசர்" என்று அம்மா சொல்லுவார். அப்பா அவ்வளவு சுருக்கமாக விடமாட்டார். படித்த பிள்ளை பலகையை அளந்துகொண்டு நிற்கிறது, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று தொடங்கினால் தேத்தண்ணி ஆறும்வரை நிறுத்தமாட்டார். அந்த நாலு பேர் ஒருநாளும் வந்து கேட்டதில்லை. ஆனால் அப்பா அவர்களுக்காகவே வாழ்ந்தார்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ரொறன்ரோவிலிருந்து மாமிக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பையன் நல்லவர், வேலை நல்லது, குடும்பம் தெரிந்த குடும்பம், பொருத்தமும் பொருந்திவிட்டது. மாமி வேண்டாம் என்றார். ஏன் என்று அப்பா கேட்டார். எவரையும் விரும்புகிறாயா என்று அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படி ஒருவரும் இல்லை. தனக்கு இந்த ஊர் காணும், இந்த வேலை காணும் என்றார் மாமி. அதை யாரும் ஒரு காரணமாக எடுக்கவில்லை என்றதும் கடைசியாக ஒன்று சொன்னார்.

"ரொறன்ரோவில ஸ்னோ காணாது, அண்ணை."

அப்பா அதைத் திமிர் என்று எடுத்தார். எனக்கு அது தலைசிறந்த காரணமாகப் பட்டது. பனி போதாத ஊருக்கு ஒரு மனுசி ஏன் போக வேண்டும்? அதோடு, மாமி போனால் எங்கள் அறையில் நான் தனியாகக் கிடக்க வேண்டும். அப்படி ஒரு நிலைமையை நான் அனுமதிக்கத் தயாராக இல்லை.

பொம்பிளை பார்க்க நாள் வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்து அப்பாவும் புரோசார்ட்டில் இருந்த பெரியப்பாவும் போனிலேயே அந்த வேலையை முடித்தார்கள். மார்கழி கூடாது, தை நல்ல மாதம் என்று யாழ்ப்பாணத்தில் எப்போதோ முடிவாகிவிட்டது. அதை மொன்றியல் வானத்துக்கு யாரும் அறிவிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு தையிலும் எங்கள் சனங்களின் நல்ல காரியங்களில் பாதி பனிக்குள் புதையும். அடுத்த வருடமும் தையில்தான் நாள் வைப்பார்கள். இந்த விஷயத்தில் அவர்களுடைய துணிச்சலையும் நான் மதிக்கத்தான் வேண்டும்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க, பெரிய பனி ஒன்று வருகிறது என்று மாமியின் கூட்டம் பரபரத்தது. பின்னேரம் அது மழையாக மாறும் என்று தொலைக்காட்சி சொன்னது. மாறாது என்று மாமி சொன்னார். அப்பாவுக்கு முன்னால் போய் நின்று ஒரு பேச்சு வைத்தார்.

"அண்ணை, ஸ்னோ ரோட்டை மூடி அவை வராமல் திரும்பிப் போனால், இந்தக் கதை இதோட முடிஞ்சுது. திருப்பி நாள் வைக்கக்கூடாது."

"வந்திட்டினமெண்டால்?"

"சீலை உடுக்கிறன்."

அப்பா தொலைக்காட்சியை நம்பி, "ஓம்" என்றார். மாமி வானத்தை நம்பினார். நான் மாமியை நம்பினேன்.

ஞாயிறு விடிய எழும்பிப் பார்த்தால் சன்னலுக்கு வெளியே தெருவே இல்லை. காற்றே இல்லாமல், சத்தமே இல்லாமல், பெரிய பெரிய துண்டுகளாக விழுந்துகொண்டிருந்தது. முன்வீட்டுக் கார் ஒரு மேடாகிவிட்டது. மாமி காலை அளவை எடுத்துவிட்டு மூக்குச் சிவக்க உள்ளே வந்து, தோசையை வழமையைவிட இரண்டு கூடச் சாப்பிட்டார். அம்மா றோல்ஸ் பொரித்துக்கொண்டே பனியைத் திட்டினார். அன்றைக்கு அம்மாவின் திட்டு என் காதுக்கு வாழ்த்துப் பாட்டுப் போல இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் விடியமுதலே ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டிருந்தார்கள். கிங்ஸ்டன் தாண்டும்போது ஒரு அழைப்பு: வண்டி ஊர்கிறது. கோர்ன்வோல் கிட்ட இன்னொன்று: ரோட்டே தெரியவில்லை, ஒரு லொறி குறுக்கே கிடக்கிறது, திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. மாமி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

அன்று முழுவதும் எங்கள் வீட்டில் மாமியைவிடப் பெரிய வானிலைப் பைத்தியம் அப்பாதான். மாமியின் போனில் ரேடார் படம் இருந்தது. நீலம் என்றால் பனி, றோஸ் என்றால் குறுணி, பச்சை என்றால் மழை. அந்தப் படத்தை மாமி காட்டும்போதெல்லாம் இத்தனை வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையிலிருந்து விடாமல், "பச்சை எங்க வந்திட்டுது? இது பச்சைதானே? கிட்ட வருகுது, என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மழைக்காக ஒருவர் அவ்வளவு உருகி நின்றதை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மத்தியானம் திரும்பியதும் பெரியப்பா புரோசார்ட்டிலிருந்து போன் எடுத்தார். அவருடைய குரல் சமையலறை வரை கேட்டது.

"தம்பி, இஞ்ச மழை!"

தேர்தலில் வென்றவர் மாதிரிச் சொன்னார். அப்பா கையைத் தட்டினார். ஆற்றுக்கு அந்தப்பக்கம் மழை, இந்தப்பக்கம் பனி. எங்கள் சன்னலில் இன்னும் வெள்ளைதான் விழுந்தது. நான் சன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அரிசியை எறிவது போல. பனி விழுந்தால் சத்தம் வராது. அது எனக்கும் தெரியும். மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் ஜக்கெற்றும் போடாமல் பின்னால் ஓடி, முற்றத்தின் நடுவில் நின்று மேலே பார்த்து "போ!" என்று கத்தினேன். தமிழில் விளங்காவிட்டாலும் என்று பிரெஞ்சிலும் ஒருமுறை கத்தினேன். மழை என் வாய்க்குள்ளேயே விழுந்தது. டொலார்ட்டில் இன்னும் பனிதான் என்று கிழவி எழுதியிருந்தார். அதனால் எங்களுக்கு என்ன பிரயோசனம்? அம்மா வந்து என்னைக் காதில் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்.

மழை ரோட்டைக் கழுவிக் கொடுத்தது. திரும்பிப் போவதாக இருந்தவர்கள் திரும்பவில்லை. ஆனால் பனிக்குள் ஊர்ந்து ஊர்ந்து பிந்திவிட்டார்கள். அவர்களுடைய சாம்பல் நிற வான் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது மணி நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். அப்பா குடையோடு வாசலுக்கு ஓடி, "வாங்கோ" என்று கூப்பிடுவதற்குப் பதிலாக, "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டினார். வானுக்குள் இருந்தவர்களும் அதே முடிவோடுதான் இருந்தார்கள். கதவைத் திறக்கக்கூட முயற்சிக்கவில்லை. பத்து மணித்தியாலம் ஓடி வந்த சனம், வீட்டு வாசலில், மழைக்குள், கண்ணாடி துடைப்பான் ஆட ஆட, ஆறு மணிக்காகக் காத்திருந்தது. றோல்ஸையாவது கொண்டுபோய்க் கொடுக்கட்டா என்று அம்மா கேட்டார். ராகுகாலத்தில் கை நனைக்கக்கூடாது என்று அப்பா தடுத்துவிட்டார்.

மாமி பேச்சு மாறவில்லை. அறைக்குள் போய்ச் சீலை உடுத்தார். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை. தலையை வாரிப் பொட்டும் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. ஆறு மணியாவதற்குச் சற்று முன் அந்தச் சீலைக்கு மேலே குளிர் ஜக்கெற்றைப் போட்டு, காலில் இறப்பர் பூட்ஸை மாட்டி, என் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

அப்பா பாய்ந்து வந்தார். "எங்க போறாய்? ஆறு மணிக்கு அவை உள்ள வருகினம்."

"ஆறு மணிக்கு நான் அளக்கோணும்."

"உனக்கு விசரே? மானத்தை வாங்காதை. பேந்து அளக்கலாம்."

"உங்களுக்கு ஒரு நேரம் இருக்கெண்டால், எனக்கும் ஒரு நேரம் இருக்கு, அண்ணை. சீலை உடுக்கிறன் எண்டு சொன்னனான், உடுத்திருக்கிறன். செற்றியில வந்து இருக்கிறன் எண்டு சொல்லேல்லை."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். வாசலில் ஆட்கள் இருப்பதால் அப்பாவால் கத்தவும் முடியவில்லை. நான் அவருடைய கைக்குக் கீழால் குனிந்து வெளியே ஓடினேன். எனக்கும் ஒரு நேரம் இருந்தது.

வெளியே இருட்டிவிட்டது. பின்வாசல் விளக்கு வெளிச்சத்தில் மழை கோடு கோடாகத் தெரிந்தது. மாமி பலகையின் பக்கத்தில் குந்தி, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, போனில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடையைப் பலகைக்கு மேல் பிடிக்கப் போனேன். "பிடியாதை, அது களவு" என்றார். அதனால் குடையை மடித்துவிட்டு மூன்று பேரும் நனைந்தோம், மாமி, நான், பனி.

உள்ளே கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு வந்து இருந்துவிட்டார்கள். "பிள்ளை வாறா, வாறா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்ததும் கேட்டது. பிறகு பின்கதவு திறந்தது. அம்மாவாக்கும் என்று திரும்பினால், வேறொரு மனுசி. பட்டுச் சீலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவடியில் இருந்த அம்மாவின் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். மாப்பிள்ளையின் தாய்.

மாமி எழும்பினார். ஆனால் அடிமட்டத்தை விடவில்லை.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"ஸ்னோவை அளக்கிறன், அன்ரி."

"எவ்வளவு?"

எங்கள் வீட்டில் அத்தனை வருடத்தில் ஒருவரும் மாமியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மத்தியானம் ஒரு முழத்துக்குக் கிட்ட இருந்தது, இப்போது அரை முழம்தான் என்று விளங்கும்படி கையால் காட்டினார்.

"மிச்சம் எங்க போனது?"

"போகேல்லை, அன்ரி. மழை விழுந்து இறுகிப்போச்சு. எல்லாம் உள்ளுக்குத்தான் கிடக்கு."

அந்த அம்மா குனிந்து பலகையை நெடுநேரம் பார்த்தார். விரலால் ஒருமுறை குத்தியும் பார்த்தார். அவருடைய கொண்டைப் பூ நனைந்து தொங்கியது.

"ரொறன்ரோவில உப்பிடி ஸ்னோ இல்லை, பிள்ளை."

"தெரியும் அன்ரி. அதைத்தான் அண்ணையிட்டச் சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"மழை வரும் எண்டு சொன்னவர்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே போயும்விட்டது. எங்கள் வேலிக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் மழைதான். நான் கிணத்தடியில நிண்டனான். கூப்பிட்டவை, உள்ள போனன்."

பெரிய ஆட்கள் சந்தித்தால் இப்படித்தான், அன்றைக்கு மழை, இன்றைக்கு வெயில் என்று ஏதாவது இழுப்பார்கள். எனக்குக் கால் விறைத்தது. மாமி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீர் அளந்து முடிச்சிட்டு ஆறுதலா வாரும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியேறிப் போனார்.

நான் அவருக்குப் பின்னால் போனேன், சூட்டுக்காக. அவர் பூட்ஸைக் கழற்றிக் கதவடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, ஈரக் காலோடு வரவேற்பறைக்குப் போய், இருக்காமலே சொன்னார்.

"பிள்ளை எங்களுக்குச் சரிவராது. குறை நினையாதேங்கோ. ரோட்டு உறையிறதுக்கு முதல் வெளிக்கிடுவம்."

றோல்ஸைக் கடித்தபடி இருந்த மாப்பிள்ளை வாயை மூட மறந்துபோனார். அவருடைய தகப்பன், "என்னப்பா இது? ஆரைக் கேட்டு?" என்று எழும்பினார்.

"நான் சொல்லுறன்" என்றார் அந்த அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் இருவரும், குளிர்சாதனப் பெட்டி வாய் திறந்து கதைத்தது போல அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழும்பி ஜக்கெற்றைத் தேடினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! மாமி போகமாட்டார் என்பது சந்தோசம்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்கிற உரிமை எங்களுடையது. நாங்கள் அல்லவா காலையிலிருந்து வேண்டாம் என்று நின்றோம்? எங்கள் முற்றத்தில் நின்று, எங்கள் பனியைக் குத்திப் பார்த்துவிட்டு, எங்கள் மாமியைச் சரிவராது என்று சொல்ல இந்த மனுசி யார்? முன்வாசலால் ஓடி, மழையில் ஊறிய பனியை இரண்டு கையாலும் உருட்டி, புறப்படுகிற வானின் பின்கண்ணாடியைப் பார்த்து எறிந்தேன். பொத்தென்று பட்டது. உள்ளே பின்சீற்றில் இருந்த அந்த அம்மா திரும்பி, மூச்சுப்பட்டுப் புகார் படிந்த கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்து, என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்துக் கையும் காட்டினார். கொழுப்பைப் பார் என்று நான் அடுத்ததை உருட்டினேன். அதற்குள் வான் தெருமுனையில் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்த அம்மாவுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் போன திமிர்க்காரி என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நானும் சேர்ந்து சொன்னேன். சரிவராது என்று ஒரு வீட்டார் வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனதால், அடுத்த சம்பந்தம் கொண்டுவர அப்பாவுக்கு முகம் இல்லாமல் போயிற்று. மாமி எங்களோடு இருந்தார். பிறகு டொலார்ட்டில் தனக்கென்று ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டு போனார். மழை கடைசியாக வரும் இடம் அதுதான். பலகை இன்னும் அவருடைய முற்றத்தில் கிடக்கிறது.

அன்று மாமி உள்ளே வந்தபோது வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. அவர் செற்றியில் இருந்து, தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய, பிந்திப்போன அளவைக் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். வாத்தியார் ஏசியிருப்பார். அப்பா நடந்தார், நின்றார், திரும்பவும் நடந்தார். மாமியைக் கேட்க மனமில்லாமல் என்னைக் கேட்டார்.

"வெளியில வைச்சு உந்த மனுசி உவளிட்ட என்ன சொன்னவ?"

"மழையைப் பற்றித்தான் கதைச்சவ."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. மழையைப் பற்றி மட்டும்தான்."

அப்பா என்னை நம்பாமல் தங்கையைப் பார்த்தார். மாமி போனிலிருந்து முகத்தை நிமிர்த்தவில்லை. அவருடைய தோள் குலுங்கியதைப் பார்த்து, குளிராக்கும் என்று நான் துவாய் எடுத்து வரப் போனேன்.